கடித்துவிட்டுப் போன ரொட்டி

ஆணி வெறுமையாக இருந்தது. மவ்ஜூதா தண்ணீர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்றரை ஆண்டுகளாக அந்த ஆணியில் ஒரு ரொட்டி தொங்கியது. ரஷ்யாவுக்கு மறுபடியும் கட்டட வேலைக்குப் புறப்பட்ட அன்று அவள் கணவன் நூராலி அதில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போனான். ஊர் வழக்கப்படி மீதியை அவன் திரும்பி வந்துதான் தின்ன வேண்டும்; அதுவரை யாரும் தொடக்கூடாது. அவன் போன பிறகு பிறந்த பர்வோனா, ரொட்டியிலிருந்த அந்தப் பல்தடத்தைக் காட்டித்தான் "அப்பா" என்று சொல்லப் பழகினாள்.

ரொட்டிக்குப் பின்னால், மண்சுவர் பெயர்ந்த பொந்தில், மவ்ஜூதாவின் மாத்திரைப் புட்டி இருந்தது. குலுங்காமலிருக்கப் பஞ்சு அடைத்திருந்தாள். தினமும் மாலைத் தொழுகைக்கு மாமியார் ஓய்ஷா முதுகைக் காட்டி அமர்ந்ததும், முக்காலியில் ஏறி ஒன்றை எடுத்து விழுங்குவாள்.

இப்போது பொந்தும் காலி.

"அப்பா எங்க போனாரு?" என்றாள் பர்வோனா, ஆணியைப் பார்த்து.

"அடுப்படியில ஆவி பிடிக்கிறாரு" என்றபடி ஓய்ஷா உள்ளே வந்தாள். "இன்னிக்கு அவன் வந்து கடிக்கணுமே, ரொட்டி கல்லாப் போச்சுடி. எடுத்து எறிஞ்சா அவன் மண்டை உடையும். ரொட்டிய எறியறது பாவம்னு விட்டுவெச்சிருக்கேன்."

மவ்ஜூதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அத்தை, பின்னாடி ஒண்ணு இருந்துச்சு..."

ஓய்ஷா மடியிலிருந்து புட்டியை எடுத்தாள். அது கலகலவென்றது. "பஞ்ச எடுத்துட்டேன்."

"எப்பத் தெரியும்?"

"தொழறவளுக்குக் காது கிடையாதா? முக்காலி கத்துமே. நீ இறங்கறதுக்குள்ள நான் திரும்பிடக் கூடாதுன்னு, ரெண்டு வருஷமா தொழுகையை இழுத்து இழுத்து முடிக்கிறேன்."

சென்ற முறை, ரொட்டியைக் கடித்துவிட்டுப் போகுமுன், நூராலி ஊருக்கு வந்திருந்தபோது மவ்ஜூதா அவனிடம், "நகரத்துல ரத்தம் பார்த்துட்டு வாங்க" என்று கேட்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் அடித்த அடியில் அவளுக்கு இடது காது போயிற்று. அக்கம்பக்கம் கேட்காமலிருக்க வெளியே நின்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டவள் இதே ஓய்ஷாதான். அதற்குப் பிறகு உள்ளே நடந்ததில் பர்வோனா கருவானாள். கருவுற்றதற்காகக் கூலோப் நகர மருத்துவமனையில் ரத்தம் பார்த்தபோது எச்.ஐ.வி. என்றார்கள். மாத்திரையால் குழந்தை தப்பியது.

"நேத்து ஃபோன்ல 'அனுப்பிட்டாங்க'ன்னு மட்டும் சொன்னான். ஏன்னு சொல்லல" என்றாள் ஓய்ஷா. "ரத்தத்துல இந்த நோய் இருந்தா ரஷ்யாக்காரன் திருப்பி அனுப்பிடுவான்னு ஊருக்கே தெரியும். இந்தப் புட்டி கண்ணுல பட்டா, நோயை நீதான் குடுத்தேம்பான்."

"அடிப்பாரு."

"அடிப்பான். நான் பெத்தவன், எனக்குத் தெரியாதா."

மதியம் தாண்டி நூராலி வந்தான். இளைத்திருந்தான். முற்றத்துக் கட்டிலில் அண்டை வீட்டுப் பெண்கள் தேநீர்க் கிண்ணங்களோடு கூடியிருந்தார்கள். பர்வோனா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவியில் நனைந்த ரொட்டியை அவன் வீட்டுக்குள் உட்கார்ந்து கடித்தான்; பழைய தடத்துக்குப் பக்கத்தில் புதிய தடம் விழுந்தது.

மாலையானது. மவ்ஜூதாவின் ஃபோன், மாத்திரை நேரத்துக்குச் சிணுங்கியது. ஓய்ஷா தொழுகைப் பாயை விரிக்கவில்லை. திறந்திருந்த வாசற்படியின் குறுக்கே உட்கார்ந்து, புட்டியை மருமகள் பக்கம் உருட்டிவிட்டாள்.

எல்லோர் கண்முன்னும் மவ்ஜூதா ஒன்றை வாயில் போட்டுத் தேநீர் குடித்தாள்.

"என்னடி அது?" என்றான் நூராலி.

"உங்க ரத்தத்தைப் பார்த்து எதுக்கு அனுப்பினாங்களோ, அதுக்கான மாத்திரை" என்றாள் தணிந்த குரலில். "உங்களுக்கும் குடுப்பாங்க. நாளைக்குக் கூலோப் போங்க. அதுவரைக்கும் என் பக்கத்துல வராதீங்க."

அவன் எழுந்தான். "அம்மா, எந்திரிச்சு வெளிய போ. கதவைச் சாத்து."

ஓய்ஷா அசையவில்லை. "சாத்த முடியாதுடா. தாழ்ப்பாளைக் காலையிலயே பிடுங்கிட்டேன்."

முற்றத்தில் கிண்ணங்களின் ஓசை நின்றது. எல்லா முகமும் வாசல் பக்கம் திரும்பியது. மடக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாதவன்போல் அவன் நின்றான், பிறகு மெல்ல உட்கார்ந்தான்.

வீடு அமைதியாக இருந்தது. மவ்ஜூதாவின் செத்த காதில் மட்டும் அந்தப் பழைய தாழ்ப்பாள் விழுந்துகொண்டே இருந்தது.