துரை கல்லில் வைத்த மெழுகுவத்தி

"பேர் மேல சுண்ணாம்பு அடிக்காத பெரிம்மா, எழுத்து மூடிக்கும்..."

"மூடட்டும்னுதான் அடிக்கிறேன். கைய எடு."

"துரை கெணறு வெட்டலன்னா உன் வாய்க்கு ஏது ஈரம்?"

"தண்ணி குடுத்தாரு, சரி. எங்கப்பன் எந்தத் தண்ணில கீறாருன்னு கேட்டுச் சொல்லு."

சுண்ணாம்பு வாளியை ஐசக் ஒரு பக்கம் இழுத்தான், மலர்க்கொடி அக்கா மறுபக்கம் இழுத்தாள். அவன் சபைச் செயலாளர், அவளுக்கு எண்பத்து மூன்று வயது. மறுநாள் கல்லறைத் திருநாள். திருப்புலிவனம் போகும் வழியில் இருக்கும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில், முந்தின நாள் காலையிலேயே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பெயர்களுக்குக் கறுப்பு மை ஏற்றிவிடுவோம். துரையின் கல்லுக்குத்தான் முதல் மை. அவர் உடல் இங்கே இல்லை. சொந்த நாடான ஜெர்மனிக்குத் திரும்பி அங்கே இறந்தார். ஊர்க் கிணற்றில் எங்களை அண்டவிடாத காலத்தில் எங்கள் தெருவுக்கு மூன்று கிணறு வெட்டிக் கொடுத்தவர் என்று சபையார் நட்ட கல் அது.

நேற்று அக்காவின் பேத்தி திவ்யா போனில் துரையின் பெயரைத் தேடியிருக்கிறாள். கிணறு வெட்டியவர் வரவில்லை. கழுத்தில் யுத்த வீரருக்குத் தரும் சிலுவைப் பதக்கம் தொங்க, தொப்பி போட்ட ஒரு வாலிபன் வந்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கேப்டன். முப்பது வயதுக்குள் ஒன்பது சரக்குக் கப்பல்களைக் கடலுக்குள் அனுப்பியவன். தேதி போட்டுப் பட்டியலே இருந்ததாம்.

அக்கா தாய் வயிற்றில் இருந்தபோது அவள் அப்பா கப்பலில் கரி தள்ளும் வேலைக்குச் சென்னைத் துறைமுகத்தில் ஏறினார். கப்பல் உடைந்துபோனதாக ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னதோடு சரி, கப்பலின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை, பிறகு கடிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. அந்த ஒன்பதில் அவர் கப்பலும் உண்டா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

யுத்தம் என்றால் மேலதிகாரி சொன்னதைச் செய்யத்தானே வேண்டும் என்றான் ஐசக். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்க அத்தே. அவுரு பங்களாவுல வேல செஞ்சவங்க நீங்கதானே. ஒரு எறும்ப மிதிச்சிருப்பாரா?"

நான் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை.

பங்களாவில் வேலை செய்தபோது எனக்கு இருபத்தொரு வயது. பெட்டி துடைக்கும்போது அந்தப் பதக்கம் கையில் அகப்பட்டது. துரை கோபிக்கவில்லை. உட்காரச் சொன்னார். கிணற்று வேலைக்காகக் கற்ற தமிழில்தான் சொன்னார். கப்பல் ஒன்பது, ஆள் எண்ணவில்லை. கடைசிக் கப்பல் முழுகியதும் ஒரு படகில் உங்களைப் போலக் கறுத்த ஆட்கள் இருந்தார்கள், தண்ணீர் கேட்டார்கள், நான் மூடியைச் சாத்திக் கீழே போய்விட்டேன் என்றார். தன் ஊருக்குத் திரும்பும்போது, கடலில் போனவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு மெழுகுவத்தி ஏற்று, ஏன் என்று யாருக்கும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். அதே மாதம் அவர் சிபாரிசில் எனக்கு ஹாஸ்டலில் ஆயா வேலை கிடைத்தது. முப்பத்தைந்து வருஷம் அந்தச் சோறு தின்றேன்.

துரை இறந்து கல் நட்ட வருஷம் அக்கா வந்து நின்றாள். எல்லாருக்கும் ஒரு கல்லறை இருக்கிறது, என் அப்பனுக்கு எங்கே ஏற்றுவேன் என்று அழுதாள். துரையும் கப்பல்காரர்தான் அக்கா, இந்தக் கல்லில் வை என்று நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். துரை என்னிடம் கேட்டுக்கொண்டது அவள் கையால் கழிந்தது. ஒரு வருஷம்கூட அவள் தவறவில்லை. காற்றடித்தால் முந்தானையால் மறைத்துக்கொண்டு நிற்பாள்.

"எனுக்குத் தெரியும்க்கா," என்றேன். "அவுரே சொன்னாரு. அப்பவே தெரியும்."

ஐசக் வாளியை விட்டுவிட்டான். மீதியையும் சொன்னேன், படகில் இருந்தவர்களையும், அவர் கேட்டுக்கொண்ட மெழுகுவத்தியையும், ஹாஸ்டல் வேலையையும். கல்லைப் பார்த்தேதான் சொன்னேன், அவளைப் பார்க்கவில்லை.

அக்கா கையிலிருந்த சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கீழே வைத்தாள். நாளைக்கென்று இடுப்பில் செருகி வந்த மெழுகுவத்தியை எடுத்து, சுண்ணாம்புக் கையாலேயே என் முன் நீட்டினாள்.

"இத்தினி வருசமா நான் ஏத்திக்கினு வந்தது எங்கப்பனுக்கா, அந்தாளுக்கா? நீயே சொல்லு பிரிஸ்கில்லா."