ஊதாவின் முறை

இவோவின் கல்லறையில் ஊதாக் கண்ணாடி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நவம்பர் முதல் தேதி, ஊரே இறந்தவர்களைப் பார்க்க வந்திருந்தது. மற்ற கல்லறைகளிலெல்லாம் சிவப்பும் மஞ்சளும்தான், இவன் ஒருவனுக்கு மட்டும் ஊதா. வைத்தவர்கள் யாரென்று அவனுடைய அக்கா போக்னாவுக்கே தெரியாது. ஒரு விளக்கின் மூடியில் க்தான்ஸ்க் என்று கிறுக்கியிருந்தது, இன்னொன்றில் ப்ராக். இவோவை ஒரு நாளும் நேரில் பார்க்காதவர்கள், அவன் செய்த விளையாட்டை ஆடியவர்கள், ரயிலேறி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இவோவின் நண்பன் ஜெமெக், தான் கொண்டுவந்த விளக்கை ஏற்றினான். அது சிவப்பு. வாசல் கூட்டத்தில் கைக்குக் கிடைத்ததை வாங்கியிருந்தான். திரி பிடித்த பிறகுதான் உறைத்தது, ஆட்டத்தில் ஊதா இவோவின் நிறம், சிவப்பு தன்னுடையது. கடைசியாக ஆடிய அன்று இவோவின் நகரத்தில் ஏறிய கொடியின் நிறம். எடுத்து ஒளித்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தான், ஆனால் போக்னா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு ஏன் இப்படி முழிக்கிறே? எரியட்டும்" என்றாள். "வீட்டுக்கு வாங்க ரெண்டு பேரும். பீகோஸ் சமைச்சிருக்கேன். அந்த ஆட்டத்தையும் இன்னிக்கு முடிச்சுடணும்."

பக்கத்தில் மிட்டாய் மென்றுகொண்டிருந்த இன்னொரு நண்பன் காயேத்தன் மெல்லுவதை நிறுத்தினான். இவர்களுடைய ஊரான நவ ஹூத்தாவில் இந்த நாளில் கல்லறை வாசலில் விற்கும் அந்தத் தேன்மிட்டாய் பல்லைப் பிடித்தால் விடாது. வாயைத் திறக்க முடியாமல் ஜெமெக்கைத் திரும்பிப் பார்த்தான்.

"எந்த ஆட்டத்தை?" என்றான் ஜெமெக், தெரியாதவன் போல.

"ஜனவரியில பாதியில நிக்குதே, அதை. பத்து மாசமா அந்தக் கம்ப்யூட்டரைத் தொட முடியாம தூசி தட்டிட்டிருக்கேன். என் தம்பி கடைசியா என்ன பண்ணான்னு எனக்குத் தெரியணும்டா."

ஜெமெக்குக்கும் தெரிய வேண்டும். அதைவிடத் தெரியவே கூடாது என்ற பயம்தான் பெரிது. பத்து மாதமாக அந்தப் பயத்தோடுதான் அவன் படுத்து எழுந்துகொண்டிருந்தான்.

கதை இதுதான். இவோ, ஜெமெக், காயேத்தன் மூவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி ஆடுகிறவர்கள். மந்திரமும் படையும் கோட்டையும் உள்ள ஒரு பழைய போர் விளையாட்டு. ஒருவன் தன் முறையை ஆடும்போது மற்றவர்கள் அவன் வரைபடத்தைப் பார்க்கக்கூடாது, அதனால் பால்கனிக்குப் போய்விட வேண்டும். மழையோ பனியோ, விலக்கில்லை. இவோ ஒரு காய் நகர்த்த அரைமணி யோசிப்பான். வெளியே இரண்டு பேரும் விறைத்துப்போய்க் கண்ணாடியில் தட்டித் தட்டிக் கத்துவார்கள். "டேய் இவோ, ஆட்டமா ஆடறே, முட்டையா அடைகாக்கறே?" உள்ளேயிருந்து பதிலே வராது.

அந்தப் பழைய விளையாட்டின் மேல் இவோ தன் சொந்த மாற்றங்களை ஏற்றி ஒரு மோட் செய்தான். மறக்கப்பட்டோர் என்று அதற்குப் பெயர். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, மிச்ச நேரமெல்லாம் இதுதான். எத்தனையோ மோட்கள் புது அரக்கனையும் புது வாளையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. இவன் கொண்டுவந்தது ஒரே ஒரு விஷயம். சுரங்கத்துக்குக் காவலாகப் பத்துப் பேரை நிறுத்திவிட்டு நீ மறந்துபோனால், மற்ற விளையாட்டில் அவர்கள் அங்கேயே கிடப்பார்கள், அவ்வளவுதான். இவனுடையதில் கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டு, கொடி வெளுத்து, ஆவியாகி, உன்னைத் தேடிக் கிளம்புவார்கள். ஒருநாள் உன் படை நடுவே வந்து நின்று கேட்பார்கள். குரல் கொடுக்க ஆள் வைக்க வசதி ஏது? எல்லாக் குரலும் இவோவுடையதுதான். போர்வைக்குள் புகுந்துகொண்டு, அக்காவை மைக் பிடிக்கச் சொல்லி, அவனே பேசிப் பதிவு செய்தான்.

"எங்களை எதுக்கு விட்டுட்டுப் போனே?"

அதைக் கேட்டுத்தான் எங்கெங்கோ இருந்தவர்கள் பைத்தியமானார்கள். ஆயிரம் பேரைக் கொன்று பழகிய கை அந்தப் பத்துப் பேரிடம் ஓங்காமல் நின்றது. பயந்துகொண்டே மறுபடி மறுபடி ஆடினார்கள். இன்னொரு விதியும் வைத்திருந்தான். எதிரியின் ஆட்களாக இருந்தாலும், வழியில் கண்ட ஆவிகளைத் தன்னோடு சேர்த்து அவர்கள் வீட்டில் கொண்டுபோய் விடலாம். "விட்டா என்ன கிடைக்கும்?" என்று காயேத்தன் கேட்டதற்கு, "ஒண்ணும் கிடைக்காது" என்று சொல்லிச் சிரித்தான் இவோ. யாரும் அந்த விதியைச் சீந்தவில்லை.

ஜனவரியில் அந்தக் கடைசி ஆட்டம். ஜெமெக்கும் இவோவும் கூட்டணி. கூட்டாளிதானே என்று இவோ தன் நகரத்தைக் காவலில்லாமல் விட்டுவிட்டுப் போயிருந்தான். ஜெமெக் அதைப் பார்த்தான், புகுந்து எடுத்துக்கொண்டான். எடுத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பால்கனிக் கதவைத் திறந்து, "வீடில்லாதவங்க எல்லாம் உள்ள வரலாம்!" என்று கூவி, ஒரு ஆட்டமும் போட்டான். காயேத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இவோ சிரிக்கவில்லை. தன் முறை வந்ததும் உட்கார்ந்தான், வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு வெளியே வந்து மேல்கோட்டை மாட்டினான். "என் வேலை முடிஞ்சுது. ஆட்டத்தைச் சேமிச்சு வை. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம், ஜெமெக்." வேலைக்குப் போகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவனைப் பனியில் சறுக்கி வந்த ஒரு வேன் அடித்தது.

நாளைக்குப் பார்த்துக்கலாம். அது நண்பனின் பேச்சா, கறுவிக்கொண்டு சொன்னதா? ஜெமெக் அந்த இரண்டு வார்த்தையை மென்று மென்று சக்கையாக்கியிருந்தான். டிராமில் யாராவது ஊதா நிற மேல்கோட்டில் ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவான்.

பொழுது சாய்கிற நேரத்தில் மூவரும் இவோவின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவது மாடி. பால்கனிக்குக் கீழே கல்லறைத் தோட்டம் முழுக்க விளக்கு, அடுப்புத் தணல் போலச் செக்கச்செவேல் என்று. போக்னா ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைப் போட்டாள். தம்பியின் குரலைக் கேட்கிற தெம்பு அவளுக்கும் இல்லை.

சிவப்பு ஆடியது, காயேத்தனின் பச்சை ஆடியது. பிறகு திரையில் எழுத்து வந்தது: ஊதாவின் முறை. நகரம் மீட்க இன்னும் ஆறு நாள்.

"நகரமில்லாம ஏழு நாள் போனா ஆட்டத்தை விட்டே எடுத்துடும்" என்றான் காயேத்தன் மெதுவாக, போக்னாவைப் பார்க்காமல்.

"தெரியும்டா. இப்ப என்ன பண்ணணும்?"

"முறை முடிஞ்சுதுன்னு இந்தப் பொத்தானை அழுத்தணும். அவ்வளவுதான்."

"நீங்க வெளிய போங்க."

"யாரு ஆடப்போறா, நாங்க வெளிய போக?"

"அவன் முறைடா. எந்திரிங்க."

போனார்கள். காலி நாற்காலிக்கு முன்னால் திரை எரிந்துகொண்டிருக்க, பால்கனியில் இரண்டு பேரும் நின்றார்கள். போக்னா உள்ளே பொத்தானை அழுத்திவிட்டுக் கூப்பிட்டாள். இப்படியே ஒவ்வொரு முறையும்.

நகரம் பறிபோன நாளைச் சேர்த்து எண்ணினால் ஆட்டத்தில் மூன்றாம் நாள், வரைபடத்தின் ஓரத்து இருட்டிலிருந்து ஒரு ஊதாக்கொடி வெளியே வந்தது.

ஜெமெக்கின் கை மவுஸிலிருந்து விலகியது. "போக்னா, நீ ஏதாவது நகர்த்தினியா?"

"எனக்கு இதுல எது குதிரை எது கழுதைன்னே தெரியாது."

"நெடும்பயணம் போட்டிருக்கான்" என்றான் காயேத்தன். "தினமும் தானா நடக்கிற மாதிரி. அன்னிக்கே உத்தரவு போட்டுட்டுப் போயிருக்கான். அவனோட கடைசித் தளபதி."

"எங்க போறான்?"

நான்காம் நாள் அந்தக் கொடி ஆற்றைக் கடந்தது. ஐந்தாம் நாள் மலை இடுக்கு வழியாக வந்தது. அந்த வழி ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகும், ஜெமெக்கின் தலைநகரத்துக்கு. பின்னால் எத்தனை பேர், என்ன படை, எதுவும் தெரியவில்லை. மோதும்வரை தெரியக்கூடாது என்பதும் இவோ வைத்த விதிதான்.

மண்ணுக்குள் போய்ப் பத்து மாதம் ஆனவன் தன்னைத் தேடி நடந்து வருகிறான். இது வெறும் விளையாட்டு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான், அந்தச் சமாதானம் எடுபடவில்லை. கறுவிக்கொண்டுதான் போயிருக்கிறான் என்று தீர்மானமாகத் தோன்றியது.

ஆறாம் நாள். ஊதாக்கொடி கோட்டைக்கு எதிரே, எட்டிப்பிடிக்கிற தூரத்தில்.

"ஜெமெக், பொறு" என்றாள் போக்னா. "வந்து என்ன பண்றான்னு பார்ப்போம்."

"வந்து கோட்டையை எடுப்பான். வேற எதுக்கு வர்றான்?"

"எடுத்தா எடுத்துட்டுப் போகட்டுமேடா! செத்தவன்கிட்ட தோத்தா உன் கிரீடமா கழண்டு விழுந்துடும்?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் பயத்துக்கு நியாயம் தெரியாது. அவன் சிறகுச் சிங்கங்கள் முழுவதையும் திரட்டி ஊதாக்கொடியின் மேல் ஏவினான்.

போர்க்களம் திறந்தது. இந்தப் பக்கம் நூற்றுக்கணக்கில் சிங்கங்கள். அந்தப் பக்கம் வெறும் எட்டு ஈட்டிக்காரர்கள். வெளிறிப்போய், ஆவியாக, ஈட்டி முனையை மண்ணைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தபடி. மேலே எழுதியிருந்தது: ஜெமெக்கின் ஆட்கள்.

"என்னோட ஆளுங்களா?" ஜெமெக்குக்குப் புரியவில்லை. "இவங்களை எங்க..."

"வடக்குச் சுரங்கம்" என்றான் காயேத்தன். "ஆட்டம் தொடங்கினப்போ காவலுக்கு நிறுத்தினியே. அப்புறம் நீ அந்தப் பக்கமே போகலை."

போக்னா எழுந்து ஒலிபெருக்கியைப் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. எப்போதும் வரும் அந்தக் கேள்விக்காக ஜெமெக் தோளைக் குறுக்கிக்கொண்டான். வந்தது வேறு வார்த்தை. இந்த விதியை யாரும் சீந்தாததால், எவரும் அதுவரை கேட்டிராத வார்த்தை. போர்வைக்குள்ளிருந்து பேசுகிற கம்மிய குரல், மூக்கடைப்போடு, இவோவின் குரல்:

"வழி தெரியலை. இவரு கூட்டிட்டு வந்தாரு."

போக்னா வாயைப் பொத்திக்கொண்டாள். "அன்னிக்கு அவனுக்கு ஜலதோஷம்" என்றாள். "இந்த ஒரு வரியை ஏழெட்டுத் தடவை சொன்னான். மைக் பிடிச்சு எனக்குக் கை வலிச்சுது. எதுக்குடா இதுன்னு திட்டினேன்."

நகரம் போன அன்று, ஏளனக் கூவலைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்த அன்று, அவ்வளவு நேரம் அவன் யோசித்தது இதைத்தான். மிச்சமிருந்த ஒரே தளபதியை அனுப்பி, ஜெமெக் மறந்துபோன எட்டுப் பேரை ஜெமெக்கின் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறான். ஜெமெக்கின் முகம் அழுகையில் கோணிக்கொண்டது. அவன் அதை மறைக்கவும் இல்லை.

திரை காத்திருந்தது. போர் தொடங்கிவிட்டால் இரண்டே வழிதான், அடிக்கலாம் அல்லது ஓடலாம். ஓடினால் மொத்தப் படையும் போய்விடும். எதிரே எட்டுப் பேரும் ஈட்டியைத் தாழ்த்தி நின்றார்கள், உத்தரவு கொடுக்க நாற்காலியில் ஆளில்லாமல்.

ஜெமெக் ஓடு என்பதை அழுத்தினான். சிங்கங்கள் அத்தனையும் மறைந்தன.

"கோழை" என்றான் காயேத்தன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. திட்டுவது போலவே இல்லை.

அடுத்து ஊதாவின் முறை. பால்கனிக்குப் போய்த் திரும்பினார்கள். தளபதி கோட்டை வாசலில் நின்றான். திரையில் ஒரு கேள்வி: உன் ஆட்கள் வந்திருக்கிறார்கள். கதவைத் திறக்கலாமா? சற்று முன் அடிக்கப் பாயாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி சும்மாவே வந்திருக்கும். ஜெமெக் திறந்தான். "வந்துட்டோம்" என்றது இவோவின் குரல்.

ஏழாம் நாள் வந்தது. ஜெமெக் தன் முறையில் ஒரே காரியம் செய்தான். இவோவிடமிருந்து பிடித்த நகரத்தில் நிறுத்தியிருந்த காவல் முழுவதையும் வெளியேற்றிக் கதவைத் திறந்து வைத்தான். நகரத்தைத் திருப்பிக் கொடுக்க ஆட்டத்தில் விதி கிடையாது. உரியவனே நடந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வாசலில் நிற்கும் தளபதிக்கு அது ஒரு நாள் நடைதான்.

பச்சை ஆடி முடித்தது. ஊதாவின் முறை. நகரம் மீட்க இதுவே கடைசி நாள்.

போக்னாவின் விரல் பொத்தான் மேல் நின்றது. "அழுத்தினா?"

"இவோ போட்ட உத்தரவு வாசலோட முடிஞ்சுது. அழுத்தினா போயிடுவான்" என்றான் காயேத்தன். "பேரே இருக்காது."

அவள் விரலை எடுத்துவிட்டாள். மேல்கோட்டைத் தேடி மாட்டினாள். "வாங்க. அவன் முறை."

இந்தத் தடவை அவளும் வந்தாள். அறையில் யாருமில்லை. பால்கனிக் கதவை ஜெமெக் சாத்தினான். கீழே விளக்குகளுக்கு நடுவே ஊதாவாக ஒரு பொட்டு தெரிகிறதா என்று மூவரும் தேடினார்கள், அவ்வளவு உயரத்திலிருந்து தெரியவில்லை. குளிர் எலும்பைத் தொட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பழக்கம் விடாமல் காயேத்தன் திரும்பி, கண்ணாடியில் தட்டக் கையை ஓங்கினான்.

ஜெமெக் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"சும்மா இருடா. யோசிக்கட்டும்."