அர்விந்தின் தலையில் ஷாம்பூ

மே மாசம் டெல்லி மயூர் விஹார்ல குழாய்த் தண்ணியை நம்பினா நாறிப்போவோம். அதுக்குத்தான் எங்க அபார்ட்மென்ட் சொசைட்டியில தண்ணி டாங்கர் புக் பண்ண ஒரு வெப்சைட். காலையில ஏழு மணிக்குத் திறக்கும். வீட்டு நம்பரைப் போட்டு, பட்டனைத் தட்டணும். முந்தினவங்க டாங்க் நிரம்பும்.

சைட்டைச் செஞ்சது என் வீட்டுக்காரர் அர்விந்த். போன்ல நம்பர் போட்டதும் கீபோர்டு மேல வந்து பட்டனை மறைக்குது, கீபோர்டை மூடினா நம்பர் அழியுதுன்னு ஒரு வாரமா சொல்றேன். அவர் தன்னோட பெரிய மானிட்டர்ல ப்ரௌசர் ஜன்னலைக் குறுக்கிக் காட்டுவார். “பாரு மஞ்சு, சின்ன ஸ்க்ரீன்லயும் எப்படி நிக்குது. உனக்குத்தான் பொறுமை இல்ல.”

இன்னைக்குக் குழந்தைக்கு வயித்தால போகுது. துணி அலசியே தண்ணி தீர்ந்துட்டிருக்கு. இந்த மனுஷன் குளிக்கப் போயிட்டார். அவர் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. ஏழு அடிச்சாச்சு. குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு சமையலறைக்கும் பால்கனிக்கும் நடக்கிறேன், போட்ட நம்பரையே திரும்பத் திரும்பப் போடறேன்.

அப்போ ஷவர் சத்தம் நின்னுது.

“மஞ்சு, தண்ணி நின்னுபோச்சு. தலையெல்லாம் ஷாம்பூ.”

கதவிடுக்குல என் போனை நீட்டினேன். “நீங்களே புக் பண்ணுங்க.”

உள்ளே போனைத் தட்டற சத்தம். அப்புறம், “பட்டன் எங்க?”

“அழகா நிக்குமே. தேடுங்க.”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும். துண்டோட ஓடிவந்து கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தார். நுரை மேஜையில சொட்டுது.

“முதல்ல நம்ம வீட்டுக்குப் போடுங்க”ன்னேன்.

“இரு, இதைச் சரிபண்ணிடறேன், ஒரே நிமிஷம்.”

பட்டனை நம்பர் போடற இடத்துக்குப் பக்கத்துலயே ஏத்திட்டார். மாடிப்படியில “ஹோ கயா, ஹோ கயா”ன்னு குரல்கள், எல்லாருக்கும் புக் ஆயிடுச்சாம். நானும் தட்டினேன். இன்றைய டாங்கர் முடிந்ததுன்னு வந்தது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. குழந்தை மறுபடியும் துணியை நனைச்சுது.

டாங்கர் வந்து போனதும் கீழ்வீட்டு அம்புஜம் மாமி போன் பண்ணினாங்க. “ஒரு வாரமா போன்ல தட்டியும் கிடைக்கலடி, இன்னிக்குத்தான் கிடைச்சுது. வாளியோட அனுப்பு அவனை.”

காய்ஞ்ச நுரையோட அர்விந்த் ரெண்டு வாளி தூக்கிட்டு வந்தார். குழந்தையைக் கழுவினேன், துணியை அலசினேன். அடியில மிஞ்சினதை ஒரு சொம்புல மொண்டு அவர்கிட்ட நீட்டினேன்.

“கண்ணை மூடிக்கங்க. இவ்வளவுதான் இருக்கு.”