வலக்கையை உயர்த்த ஏலாது

1999ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். டொக்டர் கலீலுர் றஹ்மான் ஜும்ஆ முடித்து வந்த தொப்பியோடு மேசைக்குப் பின்னால் இருந்தார். அவருக்கு எதிர்க் கதிரையில் நோயாளி, வெருகல் இராசதுரை, வயது நாற்பத்தெட்டு, கரைவலைக்காரர். அவருடைய வலக்கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி அன்னப்பிள்ளை சோதனைக் கட்டிலின் ஓரத்தில், எழும்பி ஓடத் தயாரானவ போல நுனியில் இருந்தா. கதவடியில் தட்டச்சு மேசையில் நான், கனகமணி. பட்டினத்து ஓர்ஸ் ஹில் மலையில் இருந்த அந்தச் சின்னக் கிளினிக்கில் கடிதம் எழுதுவது என் வேலை. தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, பைலுக்கு ஒரு பிரதி.

இராசதுரைக்கு வலை இழுக்கும்போது தோளில் தசைநார் அறுந்திருந்தது. டொக்டர் அதை எலும்போடு சேர்த்துத் தைத்து இருபத்தாறு நாள். அன்றிலிருந்து பட்டினத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். பொலிசில் எடுத்த தங்குமிடப் பதிவு அன்றோடு முடிந்தது. புதுப்பிக்கத் திங்கட்கிழமை வரை ஆள் இல்லை. பதிவில்லாமல் ஓர் இரவு தங்கினாலும் பிடிப்பார்கள். ஆகவே மூன்று மணி லோஞ்சில் கடல் தாண்டி மூதூருக்குப் போய் ஊர் திரும்பியே ஆகவேண்டும். லோஞ்சில் ஏற முன்னால் இறங்குதுறைச் சென்றி, ஆமியின் சோதனைக் காவலரண்.

கடிதம் அடித்து முடிந்திருந்தது. திகதி, தொடர் இலக்கம், பிறகு முதல் வசனம்: “இக்கடிதத்தைக் கொண்டுவருபவரின் வலத் தோளில் மூன்று உலோகத் திருகாணிகள் பொருத்தப்பட்டுள்ளன.” நான் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். டொக்டர் பேனையைத் திறந்ததும் அன்னப்பிள்ளை எழுந்து வந்தா.

“ஐயா, அந்த இரும்புக் கதைய எடுத்துவிடுங்கோ.”

“எடுத்தா என்னம்மா செய்யிறது? சென்றியில இரும்பு தேடுற கருவி பிடிப்பான். தோளடியில வைச்ச உடனே கத்தும். பிறகு சொன்னா நம்புவானா?”

“எங்கட பக்கத்து வளவு மூத்ததம்பிட காலுக்குள்ள பழைய ஷெல் துண்டு. கருவி கத்தினது, ஏத்திக்கொண்டு போனவங்கள். இருபத்திரண்டு நாளாச்சு. ஆள் எங்க எண்டு ஒருத்தரும் சொல்லுறாங்களில்ல.”

“அது ஷெல் இரும்பு,” என்றார் இராசதுரை. “இது இங்கிலாந்து இரும்பு. உனக்கு வித்தியாசம் தெரியேல்லயோ?”

“பகிடி விடாதீங்க. உங்களத் தேடி முகாம் முகாமா அலையப் போறது நான்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்று, இடக்கை வலது முழங்கையை இறுக்கிப் பிடித்தது. டொக்டர் பேனையை மூடி வைத்தார்.

“நோவு கூடியிருக்கோ?”

“கொஞ்சம்.”

“எப்ப இருந்து?”

இராசதுரை மனைவியைப் பார்த்தார், பிறகு என்னை. “ஐயா, நீங்க கையத் தூக்க வேணாம் எண்டு சொன்னனீங்க. நான் தூக்கேல்ல. ஆனா இஞ்ச காட்ட வாற வழியில தெருமுனைச் சென்றி இருக்கெல்லோ. துணிய அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்தன். ரெண்டு கையையும் தூக்கு எண்டான்.”

“தூக்கினீங்களா?”

“துவக்கு நீட்டினா ஆர்தான் தூக்காம நிப்பான்?”

“எத்தனை தரம்?”

“வரேக்க ஒருக்கா, போகேக்க ஒருக்கா. ஏழெட்டுத் தரம் வரும்.”

அன்னப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டா. அவவுக்கும் இது புதுக்கதை.

காலையில் எடுத்த எக்ஸ்ரே படம் உறையோடு என் மேசையில் கிடந்தது. டொக்டர் அதையும் சத்திரசிகிச்சை முடிந்த அன்று எடுத்த பழைய படத்தையும் வாங்கி, யன்னல் கண்ணாடியில் பக்கம் பக்கமாகப் பிடித்தார். வெளிச்சத்தில் தோள் எலும்பின் உருண்டையும் அதற்குள் மூன்று வெள்ளை ஆணிகளும் தெரிந்தன. பழைய படத்தில் மூன்றும் எலும்புக்குள் ஒரே ஆழத்தில் அமர்ந்திருந்தன. புதியதில் முன்னால் இருந்தது அரை நெல்லளவு மேலே வந்திருந்தது. என் கண்ணுக்கே பட்டது.

“இதுக்கு நாங்க சொல்லுறது நங்கூரம்,” என்றார் டொக்டர். “அதின்ர கண்ணுக்குள்ளால நூல் போகுது. அறுந்த நாரை அந்த நூல்தான் எலும்போட அமத்தி வைச்சிருக்கு. நார் எலும்போட ஒட்ட மூண்டு மாசம் எடுக்கும். அதுவரைக்கும் இழுவை முழுக்க இந்த மூண்டிலதான்.”

“என்ர வள்ளத்துக்கே நங்கூரம் ஒண்டுதான். ஒரு கைக்கு மூண்டும் காணாதோ?”

“கை நாலு கிலோ. ஆனா அதைத் தூக்கிற தசை பிடிச்சிருக்கிறது மூட்டுக்கு ரெண்டு விரல் தள்ளி. துடுப்பின்ர கைப்பிடிய விட்டிட்டு, கட்டியிருக்கிற இடத்துக்குக் கிட்டப் பிடிச்சு அதைத் தூக்கிப் பார்த்திருக்கிறீங்களா?”

“அப்பிடித் தூக்கேலாது.”

“அதுதான். நீங்க கையை உயர்த்தேக்க நாப்பது கிலோ போல நூலில இழுக்குது. ஒரே இழுவையில ஆணி வராது. திரும்பத் திரும்ப இழுக்க, சுத்தியிருக்கிற எலும்பு நொருங்கி ஓட்டை பெருக்கும்.”

இராசதுரை படத்துக்குக் கிட்டப் போய் நின்றார். “முளையெண்டா இழுவைக்கு எதிர்ப்பக்கம் சரிச்செல்லோ அடிக்கோணும்?”

டொக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். “சரிச்சுத்தான் இறக்கினனான். முன்பக்க எலும்பு பஞ்சு மாதிரி இருந்தது. அங்கதான் விட்டுக்குடுத்திட்டுது.”

“இன்னும் எத்தினை தரம் தாங்கும்?”

“ஒருதரமும் தாங்காமப் போகலாம்.”

“போனா, திரும்பப் பூட்டலாந்தானே?”

“என்னட்ட இருந்தது இந்த மூண்டும்தான். இனிக் கிடைக்கிறதுக்குள்ள நார் சுருங்கிப் போயிடும்.”

“அப்ப வலை?”

டொக்டர் படங்களைக் கண்ணாடியிலிருந்து இறக்கினார். நான் கடிதத்தை எடுத்து, கீழே இன்னொரு வசனம் சேர்த்தேன்: “மருத்துவக் காரணத்தால் இவரால் வலக்கையை உயர்த்த ஏலாது.” இவ்வளவும் எழுதியாயிற்று, இனிப் பிழை வராது என்றுதான் நினைத்தேன். மடித்து, இராசதுரையின் சேட்டுப் பொக்கற்றில் வைக்க நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. “தங்கச்சி, நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்க. ஆனா சென்றி வாசல்ல கட்டியிருக்கிற கயிற்றை நான் தாண்டின உடனே, முப்பது மீற்றர் தூரத்தில நிண்டு அவன் கையத் தூக்கச் சொல்லுவான். கடிதத்த வாசிக்கிறது அதுக்குப் பிறகு. இதை எடுக்கிறன் எண்டு நான் பொக்கற்றுக்க கைவிட்டா அவன் என்ன நினைப்பான்?”

பதினொரு வருடமாகக் கடிதம் எழுதுகிறேன். என் கடிதங்கள் எல்லாம் மேசையில் வைத்து வாசிக்கப்படுபவை. இது தூரத்தில், துவக்கு முனையில் போய்ச் சேரவேண்டியது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

“இடக்கையால வலக்கையத் தாங்கித் தூக்கினா?” என்று கேட்டா அன்னப்பிள்ளை.

“இழுவை குறையும்,” என்றார் டொக்டர். “ஆனா ஒரு கை மற்றக் கையைத் தடவுறதைத் தூரத்தில நிண்டு பாத்தா, எதையோ எடுக்கிறார் போலத்தான் தெரியும். நான் கூட நடந்து வரலாம் எண்டா...”

“கயிற்றுக்கு அங்கால ஒவ்வொருத்தராத்தான் விடுவாங்கள், டொக்டர்,” என்றேன். “அப்பிடியெண்டா கடிதம் இவருக்கு முன்னால போகவேணும்.”

மணி ஒன்று நாற்பத்தைந்து. மலையடியில் மூன்றாவது வீடு ஸெய்னுதீனுடையது. லோஞ்சுக்கு ரிக்கற் எழுதுபவர். தினமும் இரண்டேகாலுக்குச் சென்றிக்குள் போய், ஆமிச் சார்ஜனிடம் கொப்பியில் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் மேசையைத் திறப்பார். நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். சோற்றுக் கையைக் கழுவி, ஈரம் காயாமல் வந்து நின்றார்.

கதையைக் கேட்டதும் அவருடைய முகம் மாறியது. “கனகமணி, நல்ல புள்ளையா இருந்து என்னையும் சேத்து அனுப்பப் பாக்கிற. இயக்கம் இருக்கிற வெருகல் ஊர் ஆளுக்கு நான் கடிதம் காவினா, நாளைக்கு எனக்கு ஆர் கடிதம் காவுறது?”

“ஒருத்தரும் உங்களை வற்புறுத்தேல்ல, காக்கா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னா அன்னப்பிள்ளை. குரல் உடைந்திருந்தது.

“அழாதீங்க தங்கச்சி. ஏலாதெண்டு நான் இன்னும் சொல்லல்ல.” டொக்டரிடம் திரும்பினார். “என்ன எழுதியிருக்கெண்டு முழுக்க வாசிங்க. ஒரு சொல்லும் ஒளிக்கப்படாது.”

வாசித்தேன். உலோகம் என்ற இடத்தில் அவர் தலையசைத்தார். “அது இருக்கட்டும். கையத் தூக்காதெண்டு மட்டும் எழுதினா அவன் கோவப்படுவான். என்ன செய்யலாம் எண்டும் எழுதுங்க. சார்ஜன் அவ்வளவு பொல்லாதவன் இல்ல. ஆனா தனக்குக் கட்டளை போடுறாங்க எண்டு நினைக்கப்படாது.”

டொக்டர் எழுந்து, இராசதுரையின் முழங்கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, மெதுவாக வெளிப்பக்கம் நகர்த்தினார். “நீங்க ஒண்டும் செய்யாதீங்க. கையைச் செத்ததுபோல விடுங்க. நோகுதா?”

“இல்ல.”

“இப்பிடி மற்றவர் தூக்கினா நூலில இழுவை குறைவு. தோளுக்குக் கீழ வரைக்கும் போகலாம். மிஸ், இதை எழுதுங்க.”

புதுத் தாள் போட்டேன். அவசரத்தில் ஓரிடத்தில் எழுத்துத் தவறியது. அடித்துத் திருத்திய கடிதத்தைச் சந்தேகப்படுவார்கள். ஆகவே கிழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். சிங்களத்தில் எழுதியதன் பொருள் இது: “மூன்று மணி லோஞ்சுக்கு வரும் நீலச் சேட்டு அணிந்தவரின் வலத் தோள் எலும்பினுள் மூன்று உலோக ஆணிகள் உண்டு. அவர் இடக்கையை மட்டும் உயர்த்துவார். வலக்கையின் கீழ் சோதிக்க விரும்பினால், தயவுசெய்து தாங்களே முழங்கையைப் பிடித்து மெதுவாக உயர்த்துங்கள். அவர் எதிர்க்கமாட்டார். எக்ஸ்ரே படம் இத்துடன் உண்டு.”

“படத்தையுமா தாறீங்க?” என்று கேட்டார் ஸெய்னுதீன்.

“அதைப் பாத்தா வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும்,” என்றார் டொக்டர். கையெழுத்து வைத்தார்.

மணி இரண்டு பத்து. படத்தையும் கடிதத்தையும் பெரிய உறைக்குள் வைத்தேன். “ஒட்டு புள்ள,” என்றார் ஸெய்னுதீன். “திறந்து கிடந்தா நான் இடையில ஏதும் செருகினன் எண்டு கதை வரும்.” பசை தடவி ஒட்டி, ஒட்டின வாயின் மேல் பாதி விழும்படி கிளினிக் முத்திரையைக் குத்தினேன். டொக்டர் அதன் குறுக்கே இன்னொரு கையெழுத்து வைத்தார்.

இராசதுரை ஏதோ சொல்ல வந்தார். ஸெய்னுதீன் விடவில்லை. “மூண்டு மணிக்குக் கயிற்றடிக்கு வாங்க. சார்ஜன் இதை வாங்கி வாசிச்சிட்டாரெண்டா நான் ரிக்கற் மேசையடியில எழும்பி நிப்பன். நான் இருந்தபடி இருந்தா, கயிற்றைத் தாண்டாதீங்க.”

உறையைப் பைக்குள் வைக்காமல், எல்லோருக்கும் தெரியும்படி சைக்கிள் கைப்பிடியோடு சேர்த்து இடக்கையில் பிடித்துக்கொண்டார். மலையிறக்கத்தில் பிறேக் பிடித்தபடி மெதுவாக இறங்கினார்.