எல்லோருக்கும் தெரிந்த எண்

ஹால்ஸ்பி ஊரில் தனியாக இருக்கும் கிழவர்களின் வீட்டைத் திறக்கத் திருடனுக்குப் பெரிய மூளை ஒன்றும் வேண்டாம். வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். நான்கு எண்களைச் சரியாகத் திருப்பினால் மூடி திறக்கும். உள்ளே வீட்டுச் சாவி. பராமரிக்க வரும் பெண்கள் வந்துபோக வேண்டுமே என்று வைத்த பெட்டி அது. பத்துக்கு ஏழு வீட்டில் அந்த எண் ஒன்று, ஒன்பது, ஆறு, ஆறு. அந்த வருஷம்தான் இங்கிலாந்து கால்பந்தில் உலகக் கோப்பையை ஜெயித்தது. அதற்குப் பிறகு கோப்பை இவர்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எண் மட்டும் யாருக்கும் மறக்கவில்லை.

ஜிம்பாப்வேயிலிருந்து வந்து நாலு வருஷமாக இந்த வேலை பார்க்கும் ரும்பிக்கும் அது மறக்காது. கம்பெனியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடமும் மறக்காது. சாவியை எடு, கதவைத் திற, சாவியை அப்போதே பெட்டியில் போடு, எண்களைக் கலைத்துவிடு, அப்புறம் உள்ளே போ. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் அடுத்து வருகிறவள் தெருவில் நிற்க வேண்டியதுதான். ரும்பி ஒரு தடவைகூடத் தவறியதில்லை. யோசிக்காமலே கை அதைச் செய்துவிடும்.

அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை மதியம் லொரைன் போன் செய்தாள். வில்ஃப் கிழவரின் ஒரே மகள். புதுக் கட்சியின் வேட்பாளர். ஆறு மாதமாக ஊரில் விளக்குக் கம்பம் விளக்குக் கம்பமாகக் கொடி கட்டியது இவளுடைய ஆட்கள்தான்.

"ரூபி செல்லம், இன்னிக்கு வந்துடுவேல்ல? நாலரை மாத்திரை." ரும்பி என்ற பெயர் அந்த வீட்டில் முதல் நாளே ரூபியாகிவிட்டது.

"லொரைன், இன்னிக்கு ஊர்வலம் இருக்கே. எங்க ஆபீஸ்ல, பயமா இருக்கறவங்க வர வேணாம்னு சொல்றாங்க."

"ஐயோ, அது ஓட்டல்ல கவர்மென்ட் தங்க வெச்சிருக்கற அகதிங்களுக்கு எதிரா. உனக்கு என்ன வந்துச்சு? உன்னை யாரு என்ன சொல்லப் போறா? நான் மேடையில பேசணும், இல்லேன்னா நானே போயிருப்பேன். அப்பா பாவம்ல."

அப்பா பாவம்தான். வில்ஃபுக்கு நடுக்குவாத நோய். மாத்திரை நேரம் தப்பினால் உடம்பு இறுகிவிடும். முகம் அசையாது, குரல் எழும்பாது. போன குளிர்காலத்தில் வரவேண்டிய பெண் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தபோது, தேநீர்க் கோப்பையைப் பாதி தூக்கிய நிலையிலேயே உட்கார்ந்திருந்தாராம். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்ததாம். அதை நினைத்ததும் ரும்பி "வரேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயை அப்புறம் நூறு தடவை திட்டிக்கொண்டாள்.

பெரிய தெருவை விட்டுவிட்டு வீடுகளின் பின்பக்கச் சந்துகளில் நடந்தாள். மேல்கோட்டைப் போட்டு நீலச் சீருடையை மறைப்பதா, கழற்றி அதைக் காட்டுவதா என்று மூன்று தடவை மாற்றி மாற்றி யோசித்துக் கடைசியில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். வேலைக்காரி என்று தெரிந்தால் விடுவார்கள் என்று ஒரு நப்பாசை. கடற்கரைப் பக்கம் ஒலிபெருக்கி கத்தியது. என்ன வார்த்தை என்று புரியவில்லை. அதற்கு எழும்பிய கூச்சல் மட்டும் சந்து வரைக்கும் வந்தது.

கடைசிச் சந்திலிருந்து திரும்பும்போது மூன்று பேர் எதிரே வந்தார்கள். கையில் பீர் டப்பா, தோளில் கொடி. ஒருவன் கன்னத்தில் இங்கிலாந்துக் கொடியின் சிவப்புச் சிலுவையை வரைந்திருந்தான். வெயிலில் அது வழிந்து தாடைக்கு வந்திருந்தது.

"ஏய், வழி மாறி வந்துட்டியா? ஓட்டல் அந்தப் பக்கம்!"

"ரூம் சர்வீஸ் ஆறிப் போயிடப் போவுது, ஓடு!"

ரும்பி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். ஓடாதே, ஓடாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பின்னால் காலடி வேகமானது. "உன்கிட்டத்தான் பேசறோம்" என்று ஒரு குரல் கழுத்துக்குப் பக்கத்தில் கேட்டது. அவ்வளவுதான், அவள் ஓடினாள். ஓடியதுதான் தப்பாகப் போயிற்று. ஓடுகிறவளைத் துரத்தாமல் இருக்க அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

இருபத்தேழாம் எண் வீடு. ஒன்று, ஒன்பது, ஆறு, ஆறு. சாவி, கதவு, உள்ளே பாய்ந்து சாத்தினாள். பூட்டு 'டக்' என்று விழுந்தது. கதவில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கிய பிறகுதான் கையைப் பார்த்தாள். கை வெறுமையாக இருந்தது.

சாவி பெட்டியில். ஓடி வந்த ஓட்டத்திலும் கை பாடத்தை மறக்கவில்லை. சாவியைத் திரும்பப் போட்டு, மூடியை அடைத்து, எண்களையும் அழகாகக் கலைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. வில்ஃப் விழுந்து கிடந்த அன்று ஆம்புலன்ஸ்காரர்களால் உள்ளே வர முடியவில்லை என்று லொரைன்தான் அதைக் கழற்றிப் போட்டாள். ரும்பிக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போல் இருந்தது.

"லேட்டு" என்றார் வில்ஃப். முன்னறை ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குரல் ஏற்கனவே காற்றாகிவிட்டது.

"லேட்டு இல்ல வில்ஃப். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு." மாத்திரையை உடைத்து அவர் நாக்கில் வைத்து, தண்ணீரைச் சாய்த்தாள். அது வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். எதிரே டிவியில் யாரோ ஊர்வலத்தைப் போனிலிருந்து நேரலையாக விட்டுக்கொண்டிருந்தார்கள். தன் பேச்சை அப்பா பார்க்க வேண்டும் என்று லொரைன் காலையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

வெளியே தெருவோரப் படலைக் கதவு கிறீச்சிட்டது.

"இருடா. இது நம்மாளு வீடு. ஜன்னல்ல பாரு, நம்ம கட்சி போர்டு."

ரும்பிக்கு ஒரு கணம் உயிர் வந்தது. அடுத்த பேச்சில் அது போய்விட்டது.

"அப்போ அவ எதுக்கு உள்ள போனா?"

ஜன்னல் கண்ணாடியில் ஒரு மொட்டைத் தலை ஒட்டிக்கொண்டது. கைகளைக் குவித்து உள்ளே பார்த்தான். வில்ஃப் அவனையே பார்த்தார். கண்ணை இமைக்கவில்லை, முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. மாத்திரைக்கு முன்னால் அவர் முகம் எப்போதும் அப்படித்தான்.

"ஐயோ, ஒரு பெரியவர்டா. பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்காரு. அவரை என்னமோ பண்ணிட்டா!" பிறகு கண்ணாடியைத் தட்டிக் கத்தினான். "தாத்தா, பயப்படாதீங்க, வந்துட்டோம்!"

ரும்பி ஜன்னலுக்கு வந்து சீருடையை இழுத்துக் காட்டினாள். "நான் அவருக்கு உதவிக்கு வர்றவ! அவரையே கேளுங்க! வில்ஃப், சொல்லுங்க, தயவுசெஞ்சு சொல்லுங்க."

வில்ஃபின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று பக்கத்தில் நின்ற அவளுக்கே கேட்கவில்லை.

"சீருடையையும் எங்கேயோ அடிச்சிருக்கா" என்றது வெளியே ஒரு குரல். சத்தம் கேட்டு இன்னும் நாலைந்து பேர் படலையருகே கூடிவிட்டார்கள். ஒரு பெண் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தாள். படம் எடுத்ததோடு சரி, எதையோ தட்டி ஊர்வலக் குழுவுக்கு அனுப்பிவிட்டு ஊர்வலத்தைப் பிடிக்க நடந்துவிட்டாள்.

ரும்பி போலீஸை அழைத்தாள். வண்டிகள் எல்லாம் ஓட்டல் பக்கம் நிற்கின்றன, முடிந்தவரை சீக்கிரம் வருவார்கள், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்றாள் போனை எடுத்த ஒரு பெண். கதவைப் பூட்டிக்கொண்டு! அடுத்து லொரைனை அழைத்தாள். டிவியில் லொரைன் மேடையில் நின்றிருந்தாள், கையில் மைக். "நம்ம வயசானவங்க அவங்க சொந்த வீட்டுல நிம்மதியா தூங்க முடியுதா?" என்று கேட்டாள். மேடையில் அவள் பைக்குள் போன் ஒளிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள், ரும்பி அதைத் தெளிவாகக் கண்டாள். திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, "முடியல!" என்று தானே பதில் சொன்னாள். கூட்டம் கத்தியது.

"இங்க சாவிப்பெட்டி இருக்குடா."

"நம்பர் வேணுமே."

"எங்கம்மா வீட்டு நம்பரைப் போட்டுப் பாரு."

ரும்பி கூடத்துக்கு ஓடிச் செருப்பு அலமாரியைக் கதவோடு தள்ளினாள். தொட்டாலே ஆடுகிற அலமாரி அது. அதன் மேல் தன் முழு எடையையும் சாய்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் முதல் எண் திரும்பும் சத்தம் கேட்டது. இரண்டாவது. மூன்றாவது. அம்மா, என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று தன் பாஷையில் மனசுக்குள் சொன்னாள். ஹராரேயில் அம்மாவிடம் விட்டுவந்த இரண்டு பிள்ளைகள். நாலாவது எண்ணும் திரும்பியது. மூடி திறந்தது.

கதவு இரண்டு தள்ளில் திறந்துகொண்டது. அலமாரி கவிழ்ந்து, பத்து வருஷமாக வில்ஃப் போடாத காலணிகள் கூடம் முழுக்கச் சிதறின. ரும்பி பின்வாங்கி வில்ஃபின் நாற்காலிக்குப் பின்னால் போய் அதன் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் அறைக்குள் வந்து நின்றார்கள். பீர் வாடையும் வியர்வையும் அறையை அடைத்தன.

"அவரை விட்டுத் தள்ளி நில்லு" என்றான் மொட்டைத் தலையன். "தாத்தா, அடிச்சாளா? எதையாவது எடுத்தாளா?"

வில்ஃபின் கை மடியிலிருந்து எழுந்தது. மெதுவாக, நடுங்கி நடுங்கி. தோளுக்கு மேல் போய் ரும்பியின் விரல்களைத் தேடிப் பிடித்தது. உதடு அசைந்தது. மொட்டைத் தலையன் குனிந்து காதைக் கொண்டுபோனான்.

"அடுத்த மாத்திரை எட்டரைக்கு" என்றார் வில்ஃப். "அதுக்கு முன்னாடி என்னை கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போவணும். கழுவி விடணும். உங்கள்ல யாருப்பா வரீங்க?"

மொட்டைத் தலையன் நிமிர்ந்தான். அவன் காது சிவந்துபோயிருந்தது. கன்னத்தில் சிலுவை போட்டவன் கீழே கிடந்த ஒரு காலணியை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் கீழே போட்டான்.

"இவ வேலைக்கு வர்றவதான் போல இருக்கு" என்றான் அவன்.

"அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்று ரும்பியைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டான் மூன்றாமவன். "நாங்க பெரியவரைக் காப்பாத்தத்தான் வந்தோம். தப்பா எடுத்துக்காத."

அவர்கள் போனார்கள், படலையருகே நின்றவர்களும் கலைந்தார்கள். போகும்போது கதவைச் சாத்தவும் தோன்றவில்லை. ரும்பி வாசலுக்குப் போய், பூட்டிலேயே தொங்கிய சாவியைப் பிடுங்கினாள். இந்தத் தடவை பெட்டியில் போடவில்லை. உள்ளங்கையில் சாவியின் பல் பதியும்படி பிடித்துக்கொண்டாள். கதவைச் சாத்தப் பார்த்தாள். அலமாரியோடு மோதித் தள்ளியதில் மேல் கீல் பிய்ந்திருந்தது. கதவு பாதிக்கு மேல் வரவில்லை.

"ரூபி" என்று கூப்பிட்டார் வில்ஃப். "டிவிய பாரு."

மேடையில் யாரோ லொரைனிடம் ஒரு போனை நீட்டினார்கள். கண்ணாடி போடாமல், கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தாள். "இப்பத்தான் செய்தி வந்திருக்கு. கேளுங்க! இந்த நிமிஷம், நம்ம ஊர்ல, ஒரு வயசானவரோட வீட்டுக்குள்ள ஓட்டல் பொம்பளை ஒருத்தி புகுந்து அவரைப் பிடிச்சு வெச்சிருக்கா. ஒரு வயசானவர்! இதைத்தானே நான் ஆறு மாசமா சொல்றேன்?"

படம் ஆடியது. கொடிகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. ஒலிபெருக்கிச் சத்தம் அமுங்கி, கால்களின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

ரும்பியின் போன் அடித்தது.

"சொல்லு செல்லம், கூப்பிட்டிருந்தியா?" லொரைனுக்கு மூச்சு வாங்கியது. "இங்க ஒரே களேபரம், யாரோ ஒரு பெரியவரை... அது கிடக்கட்டும். அப்பாவுக்கு மாத்திரை குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்" என்றாள் ரும்பி. "லொரைன், அந்த வீடு இதுதான். அந்தப் பொம்பளை நான்தான்."

ரும்பி பாதி திறந்த கதவையும் தெருவையும் பார்த்தாள்.

"அவங்களைத் திருப்பிக் கூப்பிடுங்க. மைக்ல சொல்லுங்க. உங்க பேச்சைக் கேப்பாங்க."

"ஃபோட்டோவுல கதவு நம்பர் இருக்கு, ரூபி" என்றாள் லொரைன். குரல் உடைந்திருந்தது. "நான் சொல்றேன், சொல்லிட்டேதான் இருக்கேன், யாரும் திரும்பல. எல்லாரும் கிளம்பிட்டாங்க."

பின்பக்கச் சந்துகளை ரும்பி நினைத்துப் பார்த்தாள். பின்கதவு வழியாக ஓடினால் ஓடிவிடலாம். ஓடினால் என்ன ஆகும் என்று இன்றைக்கு ஒரு தடவை பார்த்தாயிற்று.

"என்னை வாசலுக்குத் தள்ளு" என்றார் வில்ஃப். மாத்திரை கொஞ்சம் பிடித்திருந்தது, குரல் ஒரு கை தூரத்துக்குக் கேட்டது. "குறுக்கால நிறுத்து. நீ எனக்குப் பின்னாடி நில்லு."

"அவ்வளவு பேருக்கு உங்க குரல் கேக்காது வில்ஃப்."

"கேக்காதுதான். தள்ளு."

காலணிகளைக் காலால் விலக்கி நாற்காலியைத் தள்ளினாள். பாதி திறந்த கதவின் குறுக்கே நிறுத்திச் சக்கரங்களைப் பூட்டினாள். வில்ஃபின் கை மறுபடியும் தோளுக்கு மேல் வந்து அவள் விரலைத் தேடியது. அதைப் பிடித்துக்கொண்டாள். 

தெருமுனையில் முதல் கொடி திரும்பியது. அதற்குப் பின்னால் தெரு அடைத்துக்கொண்டு தலைகள் வந்தன. முன்னால் ஓடி வந்தவன் வாசலில் உட்கார்ந்திருந்த வில்ஃபைக் கண்டதும் கையைத் தூக்கி ஆட்டிக் கத்தினான்.

"தாத்தா, பயப்படாதீங்க, வந்துட்டோம்!"