இரண்டாம் நாள் பங்கு

ஜோசுவாவின் குரலைத் தெரியாதவர்கள் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் குறைவு. வாலாஜாபாத் போகும் தனியார் பஸ்ஸில் அவன் கண்டக்டர். படியில் நின்று ஊர்ப்பெயர்களைக் கூவினால் எதிர்ச்சாரியிலிருக்கும் டீக்கடை வரைக்கும் கேட்கும். அந்தக் குரல் ஆடி மாதத்து ஒரு காலையில், பஸ் கிளம்புவதற்கு முன்பே நின்றுபோனது. பக்கவாதம். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும் என்றார்கள். பேச்சைப் பற்றி யாரும் உறுதி சொல்லவில்லை.

அவன் மனைவி ஷாரோன் அப்போது இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில் இருந்தாள். ரிவ்கா என்ற வயதான யூதப் பெண்ணை ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டவள். சேதி கேட்டதும் கிடைத்த விமானத்தில் ஏறி வந்தாள். பிள்ளையார்பாளையத்து மாடி வீட்டுக் கட்டிலில் ஜோசுவா கிடந்தான். அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவன் ஏன் திரும்பிக்கொண்டான் என்று ஷாரோனுக்குத் தெரியும்.

அந்த ஏழு வருஷமும் அவர்களைக் கட்டி வைத்திருந்தது காலை வாசிப்புதான். அன்றன்றைக்கு வாசிக்க வேண்டிய வேதப் பகுதிகளைச் சபையில் ஓர் அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். இங்கே விடிந்து ஜோசுவா வேலைக்குக் கிளம்பும் முன், அங்கே இருட்டாக இருக்கும்போதே ஷாரோன் போன் போடுவாள். பழைய ஏற்பாட்டில் ஒரு பகுதி, வேதத்தின் பாட்டுகளான சங்கீதங்களில் ஒன்று, சுவிசேஷத்தில் ஒரு பகுதி. அவன் பஸ்ஸில் கூவுகிற அதே கணீர்க் குரலில் வாசிப்பான், அவள் ஜெபம் பண்ணுவாள். மகள் நதியா நர்சிங் படித்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகும் அது ஒரு நாளும் தவறவில்லை.

பிறகு ரிவ்கா இறந்தாள். ஷாரோன் ஊருக்கு வந்துவிடுவாள் என்று ஜோசுவா நம்பியிருந்தான்.

"இன்னும் ரெண்டே வருஷங்க. வேற ஒரு வூட்ல வேலை சொல்லிக்கினு இருக்காங்க. சரின்னுட்டேன்" என்றாள் அவள் போனில்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"நதியா கல்யாணம் இருக்குதில்ல..."

போன் கட்டாகிவிட்டது. மறுநாள் காலை வாசிப்புக்கு அவன் எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. அடுத்து அவளுக்குப் போனில் வந்தது, அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது என்ற நதியாவின் அழுகைதான்.

இப்போது தினமும் காலையில் கட்டிலருகே உட்கார்ந்து ஷாரோன் வாசித்தாள். கீழ்வீட்டில் குமாரவேலின் தறி விடியும்போதே தொடங்கிவிடும். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி வாசிக்க வேண்டியிருந்தது. அட்டையில் சங்கீதங்களின் கடினமான வசனங்கள் விட்டுப்போயிருந்தன. அவளும் தன் பங்குக்கு இன்னும் சிலவற்றை விட்டாள். நோயாளிக்கு முன்னால் கண்ணீர், சத்துரு, சாவு எல்லாம் எதற்கு என்று நினைத்தாள். ஆறுதலான வரிகளாகப் பொறுக்கி எடுத்து வாசித்தாள். ஜோசுவா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாரம் ஒரு முறை பேச்சுப் பயிற்சி கொடுக்க சுகாசினி என்கிற பெண் வருவாள். "நல்லா மனப்பாடமான வரியா எடுங்கக்கா. பாதி சொல்லி நிறுத்துங்க, மீதிய அவரே முடிக்கிறாரான்னு பாப்போம். பாட்டு, ஜெபம் மாதிரி இருக்கிறது சில பேருக்கு முதல்ல திரும்பி வரும்" என்றாள்.

ஷாரோனுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. கடைசிக் காலத்தில் ரிவ்காவுக்குச் சொந்த மகனையே அடையாளம் தெரியவில்லை. ஆனால் சங்கீதப் புத்தகத்தை மடியில் வைத்தால் உதடு தானாக அசையும். அதனால் அன்று மாலையே, சின்னக் குழந்தைக்கும் தெரிந்த மேய்ப்பன் சங்கீதத்தை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். ஜோசுவா அவளைப் பார்த்தான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். வார்த்தை வராமல் தவிக்கிற முகமாக அது இல்லை. சொல்ல மாட்டேன் என்கிற முகம்.

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அழுது முடித்தபோது ரிவ்காவின் வழக்கம் ஞாபகம் வந்தது. யூதர்களின் மாதம் பிறையோடு பிறக்கும். நூற்றைம்பது சங்கீதங்களையும் மாதத்தின் நாட்களுக்குப் பங்கு பிரித்து, நாளுக்கொரு பங்காக ரிவ்கா எபிரேயத்தில் வாசிப்பாள். ஷாரோன் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பார்த்துக்கொண்டே வருவாள். சாபமும் கோபமுமாக ஒரு சங்கீதம் வந்தால் ஷாரோனுக்குத் தாண்டிப் போய்விடலாம் என்றிருக்கும். ரிவ்கா விடமாட்டாள். விரலால் பக்கத்தைத் தட்டி, இதுவும் இன்றைய பங்குதான் என்பாள்.

அமாவாசை முடிந்து பிறை கண்ட மறுநாள் ஷாரோன் அப்படித் தொடங்கினாள். எதையும் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அதற்கடுத்த காலையில் வாசிக்க வேண்டிய இரண்டாம் நாள் பங்கு பத்தாம் சங்கீதத்திலிருந்து. அதுவே கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது, ஏன் தூரத்தில் நிற்கிறீர் என்று. ஜோசுவா மெல்லத் தலையைத் திருப்பினான். அவள் கவனிக்காததுபோல் வாசித்துக்கொண்டே போனாள். பதின்மூன்றாம் சங்கீதம் வந்தது. "கர்த்தாவே" என்றாள். அடுத்த வார்த்தையைக் கண் பார்த்துவிட்டது, வாய்க்கு வரவில்லை. சுகாசினி சொன்னதுபோல் வேண்டுமென்று நிறுத்தவில்லை, அவளால் முடியவில்லை.

"எ... எது..."

ஷாரோன் நிமிர்ந்தாள்.

"எது... வரைக்கும்."

கரகரத்த, பாதி உடைந்த குரல். ஆனால் அவன் குரல்தான். அந்தச் சங்கீதத்தில் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். அடுத்த இடத்துக்கு அவள் வந்தபோது அவன் காத்திருந்து, இன்னும் பலமாகச் சொன்னான். அதற்கடுத்த இடத்தில் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணில் நீர் வழிய அவளையே பார்த்துச் சொன்னான்.

"எதுவரைக்கும்?"

புத்தகத்தை அப்படியே கட்டிலில் வைத்தாள். அவனுடைய நல்ல கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சிபோச்சுங்க. இனிமே போவமாட்டேன். அந்த வூட்டுக்கு வேற ஆளு பாத்துக்கச் சொல்லிடறேன். நம்ம ஊர்லயே எனக்கு வேலை கிடைக்கும். நீங்க கோச்சிக்கினு இருங்க, பரவால்ல. ஆனா என்னைப் பாத்துக்கினே கோச்சிக்கங்க."

அவன் விரல்கள் அவள் கையை இறுக்கின. ஏழு வருஷக் காத்திருப்பின் கோபம் ஒரு வார்த்தையில் போய்விடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் முகம் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

கீழே தறிச் சத்தம் நின்றிருந்தது. குமாரவேல் மூச்சு வாங்க மாடியேறி வந்து வாசலில் நின்றான்.

"யாருமா பேசினது? கண்டக்டரா?"

"அவருதான்ணா" என்றாள் ஷாரோன்.

"இன்னாபா இது! எங்கே, இன்னொரு தபா சொல்லு!"

ஜோசுவா முயன்றான். வரவில்லை. ஷாரோன் புத்தகத்தை எடுத்து மீதி வரிகளை வாசித்தாள். கேள்வியாகத் தொடங்கிய சங்கீதம் கர்த்தரைப் பாடுவேன் என்று முடிந்தது. குமாரவேலுக்கு அந்த ஜெபமெல்லாம் பழக்கமில்லை. ஆனாலும் அவள் "ஆமென்" சொல்லும் வரைக்கும் தலையைக் குனிந்து நின்றான்.

அன்று மாலையே வேலை ஏற்பாடு செய்கிறவர்களுக்குப் போன் போட்டு, வரமுடியாது என்று சொன்னாள். அடுத்த மாதம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் பகல்நேரத் துணையாக வேலை கிடைத்தது. பகலில் குமாரவேலின் மனைவி ஜோசுவாவைப் பார்த்துக்கொண்டாள்.

பேச்சு மெதுவாகத்தான் வந்தது. வந்ததெல்லாம் வேதாகமத்து வார்த்தைகளாகவே இருந்தது. காப்பி தாமதமானால் "எதுவரைக்கும்" என்பான். பொங்கல் கழிந்த ஒரு காலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வெகுநேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்துவிட்டு, "கர்த்தாவே!" என்று உரக்கக் கூப்பிட்டான்.

"அவரு வர்றதுக்கு நேரமாவும். நான் வர்றேன், இருங்க" என்று அடுப்படியிலிருந்து சொன்னாள் ஷாரோன்.

ஜோசுவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் இன்னும் ஒரு பக்கம் கோணித்தான் இருந்தது. கட்டில் ஆட ஆடச் சிரித்தான். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து பார்த்தாள்.