முத்திரை உடைந்த உப்பு

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. உப்பில் வந்தது. என் மனைவி ஷூஷானின் பெரியப்பா மகன் ரஃபிக் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தப்ரீஸிலிருந்து, ஈரானின் வடமேற்கு மூலையில் நாங்கள் இருக்கும் சல்மாஸுக்கு எங்களைப் பார்க்க வந்தார். வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. வரும் வழியில் வேண்டுமென்றே கோய் பக்கம் சுற்றிக்கொண்டு போய், அந்த ஊர் உப்பில் ஒரு பொட்டலம் வாங்கி, அதற்குச் சிவப்பு நாடா வேறு கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

“மாப்ள, இது சும்மா உப்பு இல்ல,” என்று மேசையில் வைத்தார். “அந்தக் காலத்துல பாரசீக ராஜா ஒருத்தரக் கூப்பிட்டு விடணும்னா, ‘வா, உன் தலைக்கு நான் பொறுப்பு’ன்னு சத்தியம் பண்ணி உப்பு அனுப்புவாரு. பையில கட்டி, காட்டுப்பன்னி உருவம் போட்ட மோதிரத்தால முத்திர குத்தி அனுப்புவாரு. அந்த முத்திர இருக்கிற வரைக்கும்...”

“அண்ணே, கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது,” என்றாள் ஷூஷான்.

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நாடாவை அவிழ்த்து, பொட்டலத்தைப் பிரித்து, சமையலறை ஜாடியில் கொட்டி, தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள். ரஃபிக்கின் முகம் தொங்கிப்போயிற்று. சாப்பாடு முடியும்வரை அவர் வரலாறு பேசவே இல்லை. எங்கள் வீட்டில் அது புதுசு.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் முயற்சி: ‘ரோமும் பாரசீகமும் ஆர்மேனியாவைப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, ஹேர் மாகாணம் பாரசீகத்தின் பிடியில்—’

ரஃபிக்கின் குரல் கேட்கிறது. வேண்டாம்.

இரண்டாவது: ‘மேற்கே மலைகளின் மீது சூரியன்—’

அந்தச் சூரியனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு மறையட்டும்.

மூன்றாவது: ‘நுவார்த் உப்பு ஜாடியின் மூடியைத் திறந்தாள்.’

இது இருக்கட்டும். ஆனால் நுவார்த் யார் என்று நீங்கள் கேட்பீர்கள், ஆகையால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

3

நுவார்த், ஹேர் மாகாணத்துச் சிறு பிரபு ஒருவனின் மனைவி. ஹேர் என்பது இன்றைய கோய். கணவன் பெயர் ஷவாஸ்ப். ஆர்மேனிய அரசவைப் பந்தியில் ஒவ்வொரு பிரபு குடும்பத்துக்கும் ஒரு மெத்தை உண்டு. ராஜாவிடமிருந்து எத்தனை மெத்தை தள்ளி உட்காருகிறான் என்பதுதான் ஒருவனின் மதிப்பு. இவர்களுடையது கதவோரம். குளிர்காலத்தில் முதுகு விறைத்துப்போகும். அதற்காக அந்த இடத்தை அவர்கள் விட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஷவாஸ்புக்கு ஓர் அண்ணன் இருந்தார். பாரசீகத் தலைநகரான தீஸ்பனுக்கு மன்னர்மன்னன் அவரைக் கூப்பிட்டு அனுப்பியபோது, உப்பு எதுவும் வரவில்லை. வாய்வார்த்தையை நம்பிப் போனார். அவரை மறதிக் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். அந்தக் கோட்டைக்குள் போனவரின் பெயரை வெளியே எவரும் உச்சரிக்கக் கூடாது என்பது சட்டம். (அவருக்கு நல்லதாக ஒரு பெயர் வைத்திருந்தேன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அடித்துவிட்டேன்.)

இப்போது தம்பியின் முறை. தூதர் மிஹ்ரக் ஒரு பிற்பகலில் வந்து சேர்ந்தார். நடுவயதைத் தாண்டிய பாரசீகர், முட்டி வலி, நல்ல மனிதர். ஷவாஸ்ப் மேய்ச்சல் பக்கம் போயிருந்தான். ஆகவே பையை நுவார்த்தின் கையில்தான் கொடுத்தார். சின்னத் தோல்பை. முடிச்சின் மேல் களிமண். களிமண்ணில் காட்டுப்பன்றி.

“மன்னர்மன்னர் அனுப்பினதும்மா. இந்தத் தடவ உப்போட கூப்பிடுறாரு. உங்க வீட்டுக்காரர் தைரியமா வரலாம்.”

“உக்காருங்கய்யா. அடுப்புல கறி கொதிக்குது. கால் கழுவத் தண்ணி வெளிய இருக்கு.”

மிஹ்ரக் முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

நுவார்த் உப்பு ஜாடியின் மூடியைத் திறந்தாள்.

4

ஹேர் உப்பு விளையும் ஊர். அங்கே ஒரு வழக்கம்: விருந்தாளி உப்பு கொண்டுவந்தால், அவர் செருப்பைக் கழற்றுமுன் அதை வீட்டு உப்போடு கலந்துவிட வேண்டும். தனியாக எடுத்து வைத்தால், ‘உன்னுடையது வேறு, என்னுடையது வேறு’ என்று சொல்வதாக அர்த்தம். அதைவிட அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம்.

(முத்திரையிட்ட உப்பு பழைய வரலாறுகளில் இருக்கிறது. மறதிக் கோட்டையும் மெத்தைகளும்கூட. ஆனால் இந்தக் கலக்கும் வழக்கத்தை நான்தான் கட்டினேன். ஊரில் யாரையும் போய்க் கேட்காதீர்கள்.)

ஆக, கை பழகிப்போன ஒரு பெண், பழக்கதோஷத்தில் முடிச்சை அவிழ்த்தாள், களிமண் நொறுங்கியது, உப்பு ஜாடிக்குள் போயிற்று, ஜாடியிலிருந்து ஒரு கை அள்ளிக் கறியிலும் போட்டாள். மிஹ்ரக் திரும்பி வந்து பார்க்கும்போது சாம்பலில் பன்றியின் ஒரு காது மட்டும் கிடந்தது.

“அம்மா... அந்தப் பை எங்க?”

“கொட்டிட்டேன்யா. விருந்தாளி கொண்டாந்த உப்ப அப்பிடியே வெக்கிறது எங்க ஊர்ல மரியாத இல்ல.”

“அது உப்பு இல்லம்மா.”

“நக்கிப் பாத்தேனே. உப்புதான். அதுவும் எங்க ஊரு உப்பு. வரியில தீஸ்பனுக்குப் போனது, சுத்திட்டுத் திரும்பி வந்திருக்கு.”

மிஹ்ரக் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முத்திரை இல்லையென்றால் சத்தியம் இல்லை. சத்தியம் இல்லாமல் போகிற ஆளுக்கு என்ன நடக்கும் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பெயரைச் சொல்லாவிட்டாலும்.

5

இதுவரை எழுதியதை ஷூஷானிடம் கொடுத்தேன். அவள் மருந்துக்கடை நடத்துகிறவள். எதையும் இரண்டு முறை படித்துப் பார்க்காமல் கையை விட்டு விடமாட்டாள். இரண்டு முறை படித்தாள்.

“உங்க நுவார்த்துக்குக் கண்ணு தெரியாதா?”

“ஏன், நல்லாத் தெரியும்.”

“அவ்ளோ பெரிய பன்னி முத்திர. புருஷனோட அண்ணன் விஷயம் வேற தெரியும். வந்தவரு வேற ‘மன்னர்மன்னர் அனுப்பினது’ன்னு வாயால சொல்றாரு. இதுக்கப்புறமும் பழக்கதோஷத்துல கொட்டிட்டாளாம். அவள ஏங்க முட்டாளாக்குறீங்க?”

“நீ கூடத்தான் ரஃபிக் அண்ணன் உப்பக் கொட்டின.”

“நான் தெரிஞ்சேதான் கொட்டினேன். அந்த மனுஷன் வாயத் தெறந்தா கறி ஆறிடும்.”

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். அழகான தவறு ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். உப்பு விளையும் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தவறு. இவள் வந்து அது தவறே இல்லை என்கிறாள்.

“சரி, தெரிஞ்சுதான் கொட்டினான்னு வெச்சுக்க. எதுக்கு?”

“முத்திர இருந்தா அவன் போயிடுவான்ல. ஆம்பளைங்களுக்கு ஒரு சத்தியம் கெடச்சாப் போதும், கெளம்பிடுவீங்க. இல்லாட்டி வீட்லயே கெடப்பான்னு நெனச்சிருப்பா.”

நான் நான்காம் பகுதியைத் திருத்தவில்லை. ‘பழக்கதோஷத்தில்’ என்ற சொல் அங்கேயே இருக்கிறது. அதை நான் எழுதினேன்; நுவார்த் ஒப்புக்கொண்டாளா என்பது வேறு விஷயம். நீங்கள் அதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

6

ஷவாஸ்ப் பொழுது சாயும் நேரத்தில் வந்தான். மிஹ்ரக் நடந்ததைச் சொன்னார். கோபமாக அல்ல, அவர் கறியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

“பிரபு, நான் மறைக்க விரும்பல. ஒங்க சம்சாரம் தெரியாமப் பண்ணினதா இருந்தா எனக்கு ஒரு வழி இருக்கு. ஆத்தக் கடக்கும்போது பை நனஞ்சு உப்பு கரஞ்சிடுச்சுன்னு பழிய என் மேல போட்டுக்கிறேன். நீங்க என்கூட வாங்க. ஆனா முத்திர இருக்காது. என் சொல்லு மட்டும்தான் இருக்கும். என் சொல்லுக்கு அங்க எவ்ளோ மதிப்புன்னு எனக்கே தெரியாது.”

“தெரிஞ்சு பண்ணினதா இருந்தா?”

“மன்னர்மன்னரோட முத்திரைய வேணும்னு ஒடச்ச வீட்டுக்காக நான் பொய் சொல்ல முடியாது. தனியாத் திரும்பிப் போறேன். நடந்தத அப்படியே சொல்லுவேன். அடுத்து இங்க வர்றது நானா இருக்காது, யானப் படையா இருக்கும். ஊரு இருக்காது.”

ஷவாஸ்ப் ரொட்டியைக் கறியில் தோய்த்துக்கொண்டே இருந்தான். சாப்பிடவில்லை.

“விடிஞ்சதும் சொல்லுங்க,” என்றார் மிஹ்ரக். “நீங்க எதச் சொல்றீங்களோ அதுதான் நடந்தது. நான் துருவிக் கேக்க மாட்டேன்.”

7

கைவசம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதலாவது, சாமர்த்தியமான முடிவு. நுவார்த் எழுந்து, “அந்த உப்பு இப்ப ஒங்க வயித்துல இருக்கு ஐயா. ராஜா சத்தியத்த நீங்களே சாப்பிட்டீங்க, இனிமே நீங்கதான் அத நிறைவேத்தணும்,” என்கிறாள். மிஹ்ரக் நெகிழ்ந்துபோகிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ரஃபிக் கைதட்டுவார். ஆனால் மன்னர்மன்னன் அந்தப் பந்தியில் உட்காரவில்லை, அந்தக் கறியைச் சாப்பிடவும் இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது, ஷவாஸ்ப் போகிறான், பத்திரமாகத் திரும்பி வருகிறான், பந்தியில் ஒரு மெத்தை முன்னால் தள்ளி—

இல்லை. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

மூன்றாவதில் யானைகள் வருகின்றன. ஹேர் எரிகிறது. இரண்டு பேரரசுகளுக்கு நடுவில் கிடக்கும் எங்கள் ஊர்கள் எத்தனையோ தடவை எரிந்திருக்கின்றன. இன்னொரு தடவை எரிப்பது எழுதுகிறவனுக்கு ஒரு வேலையே இல்லை. ஒரு பக்கத்தில் முடித்துவிட்டேன். பிறகு அந்த ஒரு பக்கத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஊரில் அடுப்பெரியும் வீடுகள் இருந்தன, உப்பு வெட்டுகிறவர்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருவருக்கும் இந்தப் பையைப் பற்றித் தெரியாது.

“ஏன் இவ்ளோ சுத்துறீங்க?” என்றாள் ஷூஷான். “அவன் அவகிட்ட கேக்கட்டும். அதான முறை. அவகிட்ட யாருமே கேக்கலையே இன்னும்.”

உண்மைதான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், நானும் கேட்கவில்லை.

8

காலை. குதிரைகளுக்குச் சேணம் பூட்டியாயிற்று. ஒன்றுக்குத்தானா இரண்டுக்குமா என்று லாயக்காரன் கேட்டதற்கு, இரண்டுக்கும் பூட்டு என்று ஷவாஸ்ப் சொல்லியிருந்தான். மிஹ்ரக் முற்றத்தில் முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். நுவார்த் தரையடுப்பின் முன்னால் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கணவன் வந்து நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை.

“நுவார்த்.”

“சொல்லுங்க.”

“ஒன்னுதான் கேக்கப் போறேன். திட்ட மாட்டேன். தெரிஞ்சு கொட்டுனியா, தெரியாமக் கொட்டுனியா?”

அவள் கையிலிருந்த மாவை வைத்தாள். தெரிந்து என்றால் அவன் இங்கேயே இருப்பான், ஊருக்கு யானைகள் வரும். தெரியாமல் என்றால் ஊர் பிழைக்கும், அவன் முத்திரை இல்லாத வழியில் போவான். அவளுக்கு இது புரிந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் கறி பரிமாறியவளே அவள்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?” என்றாள். “நீங்களே ஒன்னச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதான.”

“உன்னப் பத்தின விஷயத்த நானா எப்படிச் சொல்றது?”

அவளுக்கு அழுகை வந்தது. அடுப்புப் புகையில் உட்கார்ந்திருந்ததால் அதை மறைக்க வேண்டியிருக்கவில்லை. முந்தானையால் கையைத் துடைத்தாள். (முந்தானை தமிழ்க்காரர்களுடையது, அவளிடம் இருந்தது கம்பளி மேலாடை. கை தானாக எழுதிவிட்டது, விடுங்கள்.) பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் எதச் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க. அதச் சொல்றேன்.”

ஷவாஸ்ப் வாயைத் திறந்தான்.

அவன் சொல்லும் வரியை நான் எழுதப்போவதில்லை. எழுதிப் பார்க்காமல் இல்லை. ‘தெரிஞ்சுதான்னு சொல்லு’ என்று ஒரு முறை எழுதினேன்; மறுநாள் ‘தெரியாமன்னு சொல்லு’ என்று மாற்றினேன். இரண்டு முறையும் அவன் குரல் ஒரே மாதிரிதான் இருந்தது, இரண்டு முறையும் நான் எழுந்து போய் ஷூஷான் கடையை மூடிவிட்டு வந்துவிட்டாளா என்று பார்த்தேன்.

ஆகவே அவன் நிற்கும் இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். மிஹ்ரக் அவசரப்படுத்த மாட்டார், ஆனால் வெயில் ஏறுவதற்குள் கிளம்பியாக வேண்டும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல்தான். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.